கப்பற் சரக்கும் அதற்குரிய பத்திரங்களும்

கொழும்புத் துறைமுகத்தைக் கரையில் நின்று நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவன உயர்ந்த பாரந்தூக்கிகளும், அடுக்கடுக்காய் நிற்கும் கொள்கலன்களும், அவற்றை ஏற்றிச் செல்லக் காத்திருக்கும் பெருங் கப்பல்களுமேயாம். ஆயின், கரையில் நிற்போர் கண்ணிற் படாத பிறிதொரு பொருளும் அங்கே ஓயாது நடமாடுகின்றது. அது காகிதம். ஒரு பெட்டி தேயிலை கப்பலேறுதற்கு முன்னரே அதன் பொருட்டுப் பல பத்திரங்கள் எழுதப்பட்டு விடுகின்றன. பெட்டி அக்கரையை அடைந்த பின்னரும் அவற்றுள் ஒன்று காட்டப்பட்டாலன்றி அது உரியவர் கையிற் சேர்வதில்லை. சரக்கைக் கப்பல் சுமக்கின்றது. சரக்கின் உரிமையையோ ஒரு தாள் சுமக்கின்றது எனலாம்.

இப்பத்திரங்கள் எழுந்த காரணத்தை அறிதல் வேண்டின், கடல் வாணிகத்தின் அடிப்படையான ஐயம் ஒன்றை முதலில் உணர்தல் வேண்டும். கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதியாளர் இருக்கின்றார். ஜெர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்தில் அதை வாங்குவோர் ஒருவர் இருக்கின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. பணம் வருமுன் சரக்கை அனுப்பிவிட்டால், வாங்குபவர் ஏமாற்றிவிடுவாரோ என்பது விற்பவரின் அச்சம். சரக்கு வருமுன் பணத்தைக் கொடுத்துவிட்டால், பெட்டிக்குள் தேயிலைக்குப் பதிலாகக் குப்பை வந்து சேருமோ என்பது வாங்குபவரின் அச்சம். இடையில் வாரக் கணக்கான கடற்பயணம் கிடக்கின்றது. சந்தையிற் கைக்குக் கை மாறும் வாணிகத்தில் இவ்வச்சம் எழுவதில்லை. கடல் குறுக்கிடும் வாணிகத்திலோ அது எழாதிருப்பதில்லை. கப்பற் பத்திரங்கள் யாவும் இவ்வச்சத்துக்கு மனிதர் கண்ட மருந்தேயாம்.

ஒரு தேயிலைச் சரக்கைத் தொடர்ந்து சென்று பார்ப்போம். கொழும்பில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் நடைபெற்று வருகின்றது. ஏலத்தில் வாங்கிய தேயிலையை ஏற்றுமதியாளர் கலந்து, பொதியிட்டு, ஒவ்வொரு பொதியிலும் குறியும் இலக்கமும் பொறிக்கின்றார். பின்னர் அவர் இரண்டு பட்டியல்களைத் தயாரிக்கின்றார். ஒன்று விலைப்பட்டியல்: இன்னாருக்கு, இன்ன தரத்துத் தேயிலை, இத்தனை கிலோகிராம், இன்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை அது கூறும். மற்றது பொதிப்பட்டியல்: எத்தனை பொதிகள், ஒவ்வொன்றின் நிறை எவ்வளவு, அவற்றின் குறிகள் யாவை என்பதை அது கூறும். முதலாவது சுங்கத் திணைக்களத்தினருக்கு வரி கணக்கிடவும் வங்கிக்குத் தொகையை ஒப்புநோக்கவும் பயன்படும். இரண்டாவது, ஒரு பொதி குறைந்துவிட்டால் எது குறைந்தது என்று கண்டுபிடிக்க உதவும்.

இவற்றோடு உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் ஒன்றும் சேர்கின்றது. இத்தேயிலை இலங்கையில் விளைந்தது என்று உறுதிப்படுத்தும் இச்சான்றிதழ் வெறும் பெருமைக்காக அன்று. இரு நாடுகளிடையே வரிச்சலுகை உடன்படிக்கை இருக்குமாயின், அச்சலுகையைப் பெறும் உரிமை இத்தாளைக் கொண்டே நிலைநாட்டப்படும். விதை, காய், கனி போன்ற தாவரப் பொருள்களாயின், பூச்சியும் நோயும் இல்லை என்று கூறும் தாவர நலச் சான்றிதழும் வேண்டப்படலாம்.

இனிச் சரக்கு துறைமுகத்தை அடைகின்றது. பழைய நாளில் பொதிகள் ஒவ்வொன்றாகக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கப்பட்டபோது, கணக்கர்கள் நின்று அவற்றை எண்ணினர். கப்பலின் முதல் அதிகாரி பற்றுச்சீட்டு ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். பொதி கிழிந்திருப்பின், பெட்டி நனைந்திருப்பின், பீப்பாய் ஒழுகின், அதனையும் அச்சீட்டிற் குறித்தார். அந்தப் பற்றுச்சீட்டைக் கப்பல் முகவரிடம் கொடுத்து, அதற்கு மாற்றாக ஏற்றுமதியாளர் பெற்றுக்கொள்வதே பத்திரங்களுக்கெல்லாம் தலையாய பத்திரம். கப்பற் சரக்குச் சீட்டு என்று அதனைத் தமிழிற் கூறலாம். துறைமுக வழக்கில் அதற்குப் ‘பில் ஒவ் லேடிங்’ என்று பெயர்.

இச்சீட்டு மூன்று தொழில்களை ஒருங்கே செய்கின்றது. முதலாவதாக, இன்ன குறியுள்ள இத்தனை பொதிகள் இன்ன நிலையில் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதற்கு அது பற்றுச்சீட்டு. இரண்டாவதாக, அவற்றை இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன துறைமுகத்துக்கு இன்ன நிபந்தனைகளோடு கொண்டு செல்லக் கப்பற்காரர் உடன்பட்டார் என்பதற்கு அது சான்று. மூன்றாவதாக, யாருடைய ஆணைப்படி சரக்கைக் கையளித்தல் வேண்டும் என்று எழுதப்பட்டிருக்குமாயின், அது சரக்கின் உரிமைப் பத்திரமாகவும் விளங்குகின்றது. அதன் புறத்தே கையொப்பமிட்டு இன்னொருவரிடம் கொடுத்தால், நடுக்கடலிற் செல்லும் சரக்கும் அவருக்கு உரியதாகக் கைமாறலாம். சரக்கு ஓரங்குலமும் விலகாமலே அதன் உடைமையாளர் மாறிவிடுகின்றார்.

இம்மூன்றாவது தன்மை எளிதில் நிலைபெற்றதன்று. 1786ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் மிடில்பர்க் நகர வணிகர், ரொட்டர்டாம் நகர வணிகர் ஒருவரின் வேண்டுகோளின்படி, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குத் தானியம் அனுப்பினர். ரொட்டர்டாம் வணிகர் சரக்குச் சீட்டை லிவர்பூல் வணிகர்க்கு மாற்றிக் கொடுத்து, அதன் பேரிற் பணம் திரட்டிக்கொண்டார். தானியத்தின் விலையை விற்றவர்க்குச் செலுத்துமுன்னரே அவர் முறிந்துபோனார். பணம் பெறாத விற்பனையாளர் தானியத்தைத் தடுத்து நிறுத்த முனைந்தனர். சீட்டை வைத்திருந்தவர்களோ தானியம் தமக்குரியது என்றனர். லிக்பாரோ எதிர் மேசன் என வழங்கும் இவ்வழக்கில், நம்பிக்கையோடு விலைகொடுத்துச் சீட்டைப் பெற்றவரின் பக்கமே 1787இல் அரச நீதிமன்றம் நின்றது. மேன்முறையீடுகள் பல நடந்து, 1794இல் விசேட யூரிமார், சீட்டைப் புறக்குறிப்பிட்டு மாற்றினால் சரக்கின் உரிமையும் மாறும் என்பது வணிகரின் வழக்கமே என்று கண்டறிந்தனர். வணிகரின் வழக்கம் சட்டமாகியது இவ்வாறேயாம்.

இச்சீட்டு ஒரே பிரதியாக எழுதப்படுவதில்லை. மூன்று மூலப் பிரதிகள் எழுதுவது நெடுங்கால வழக்கம். பாய்க்கப்பல்களின் காலத்தில் தபாலும் கப்பலிலேயே சென்றது. ஒரு கப்பல் மூழ்கினால் அதில் அனுப்பிய சீட்டும் மூழ்கிவிடும். ஆதலால் வெவ்வேறு கப்பல்களிற் பிரதிகள் அனுப்பப்பட்டன. ஒன்றைக் காட்டிச் சரக்கைப் பெற்றுவிட்டால் ஏனையவை பயனற்றவை ஆகும் என்றும் அவற்றில் எழுதப்பட்டது. பாதுகாப்புக்காகச் செய்த இவ்வேற்பாடே ஆபத்துக்கும் வாயிலாயிற்று. ஜமேக்காவிலிருந்து இலண்டனுக்கு வந்த 20 பெரும் பீப்பாய்ச் சர்க்கரையின் வரலாறு இதற்குச் சான்று. சரக்கைப் பெறவேண்டிய வணிகர், ஒரு பிரதியை வங்கியிடம் ஈடுவைத்துக் கடன் பெற்றார். பின்னர் வேறொரு பிரதியைக் கொண்டு துறைக் களஞ்சியத்தினரிடமிருந்து சர்க்கரை வெளியே செல்ல வழிசெய்தார். வங்கி வழக்குத் தொடுத்தது. முன்னைய உரிமை மாற்றத்தை அறியாது, ஒரு பிரதியைக் கண்டு நல்லெண்ணத்தோடு சரக்கைக் கையளித்தவர் மீது குற்றமில்லை என்று 1882இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வங்கி இழந்தது இழந்ததே. மூன்று மூலப் பிரதிகளையும் ஒருங்கே தம் கையிற் பெற்றாலன்றி வங்கிகள் மன அமைதி கொள்ளாமைக்குக் காரணம் இதுவேயாம்.

வங்கி இவ்விடயத்தில் எவ்வாறு புகுந்தது என்று நேயர்கள் வினவக்கூடும். முன்னர்க் கூறிய அச்சத்துக்கு வங்கியே நடுநிலையாளராய் நின்று தீர்வு காண்கின்றது. வாங்குபவர் தம் வங்கியை அணுகி, விற்பவர் பேரில் நாணயக் கடிதம் ஒன்றைத் திறக்கின்றார். ‘இன்னின்ன பத்திரங்களை இன்ன நாளுக்கு முன் ஒப்படைத்தால், இத்தனை தொகையை யாமே செலுத்துவோம்’ என்று வங்கி அதில் வாக்களிக்கின்றது. அதன்பின் விற்பவர் நம்ப வேண்டியது காணாத ஒருவரையன்று, ஒரு வங்கியையே. வாங்குபவரும், சரக்குக் கப்பலேறியது என்பதற்குச் சான்றின்றித் தம் பணம் செல்லாது என்று ஆறுதல் அடைகின்றார்.

ஆயின் இவ்விடத்தே ஒரு நுட்பம் உண்டு. வங்கிகள் தேயிலையைப் பார்ப்பதில்லை. தேயிலையைப் பற்றிய தாள்களையே பார்க்கின்றன. சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1933இல் முதன்முதல் வகுத்து, 2007 முதல் ஆறாம் நூறு என்னும் இலக்கத்தோடு வழங்கிவரும் நாணயக் கடித விதிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. பத்திரங்களைப் பரிசோதிக்க வங்கிக்குப் பிந்திய அளவாக ஐந்து வங்கி நாட்கள் உண்டு. மூலச் சரக்குச் சீட்டு அடங்கிய பத்திரங்கள், நாணயக் கடிதம் வேறுவிதமாகக் கூறாவிடின், சரக்கு ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஒப்படைக்கப்படல் வேண்டும். கடைசிக் கப்பலேற்ற நாள் பதினைந்தாந் திகதி என்றிருக்கச் சீட்டிற் பதினாறாந் திகதி காணப்பட்டால், தேயிலை எத்துணை நல்லதாயினும் வங்கி பணம் செலுத்த மறுக்கலாம். விலைப்பட்டியலில் எழுதிய சரக்கு விவரணம் நாணயக் கடிதத்தோடு ஒத்திராவிடினும் அவ்வாறே. அப்போது விற்பவர் வாங்குபவரின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியவராகின்றார். அந்நாளிற் சந்தை விலை வீழ்ந்திருக்குமாயின், அவ்விரக்கம் கிடைப்பது அரிது. சிறிய ஏற்றுமதியாளர் ஒருவர் ஓராண்டு முயன்று ஈட்டிய ஊதியம், ஒரு திகதியின் பிழையால் அழிந்துபோதல் கூடும்.

வங்கி நாடும் இன்னொரு பண்பு சீட்டின் தூய்மை. சரக்கிலோ அதன் பொதியிலோ குறையுண்டு என்று கூறும் குறிப்பு எதுவும் இல்லாத சீட்டே தூய சீட்டு எனப்படும். குறிப்பிருந்தால் வங்கி அதனை ஏற்பதில்லை. ஆகவே, குறை இருந்தும் குறிப்பை எழுதாது விடும்படி கப்பல் முகவரை வற்புறுத்தும் ஆசை அனுப்புவோர்க்கு எழுவது இயல்பு. 1957இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கு இத்தகையது. இலண்டனிலிருந்து ஹம்பேர்க்குக்கு 100 பீப்பாய் தோடம்பழச்சாறு அனுப்பப்பட்டது. பீப்பாய்கள் பழையன, நலிந்தன, சில ஒழுகின என்று கணக்கர் குறித்திருந்தார். எனினும், நட்டம் நேர்ந்தால் தாமே ஈடுசெய்வதாக அனுப்பியோர் கடிதம் எழுதிக் கொடுக்க, தூய சீட்டே வழங்கப்பட்டது. ஹம்பேர்க்கில் பீப்பாய்கள் ஒழுகி நின்றன. நட்டம் கொடுத்த கப்பற் பக்கத்தார் அக்கடிதத்தைக் காட்டிப் பணம் கேட்டபோது, பொய்யென்று அறிந்தே எழுதிய ஒரு சீட்டின் பொருட்டுப் பெற்ற வாக்குறுதியை நீதிமன்றம் நிறைவேற்றாது என்று பெரும்பான்மையோராய் நீதிபதிகள் தீர்த்தனர். சீட்டை நம்பிப் பணம் கொடுக்கும் மூன்றாமவர் ஏமாற்றப்படுதலே அங்குக் குற்றமாயிற்று.

கொள்கலன்கள் பெருகிய இக்காலத்தில் இக்குறிப்பின் தன்மை சிறிது மாறியுள்ளது. பூட்டி முத்திரையிட்ட இரும்புப் பெட்டிக்குள் இருப்பதைக் கப்பற்காரர் காண்பதில்லை. ஆதலால், ‘அனுப்புநர் கூற்றுப்படி அடங்கியுள்ளது’ என்று எழுதிக் கொடுக்கின்றார். பெட்டியின் நிறையையேனும் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று சர்வதேச கடற்பாதுகாப்பு உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2016 ஜூலை முதலாந் திகதி முதல், நிறை உறுதிசெய்யப்படாத கொள்கலனைக் கப்பலேற்றலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நிறையைக் குறைத்துக் கூறின் கப்பலின் சமநிலை கெடும்; அடுக்குகள் சரியும்; மாலுமிகளின் உயிர் போகும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. விலையோடு காப்புறுதியையும் கப்பற்கட்டணத்தையும் சேர்த்து விற்பவர், சரக்குக்குக் காப்புறுதி செய்து, அப்பத்திரத்தையும் வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கப்பற்காரரின் பொறுப்புக்கு எல்லை உண்டு என்பதே இதற்குக் காரணம். 1924இல் பிரசெல்ஸ் நகரிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் வழிவந்த ஹேக் விதிகள், கப்பற்காரர் கடமைகளை வரையறுத்ததோடு, அவர் கொடுக்க வேண்டிய நட்டஈட்டுக்கும் உச்ச அளவு விதித்தன. வெளியே தெரியாத சேதமாயின் மூன்று நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்றும், வழக்காயின் ஓராண்டுக்குள் தொடுத்தல் வேண்டும் என்றும் அவை கூறின. இலங்கையில் 1982ஆம் ஆண்டுக் கடல்வழிப் பொருட் போக்குவரத்துச் சட்டம் இத்துறையை ஆள்கின்றது. தேயிலை ஈரத்தையும் பிற மணத்தையும் விரைவில் ஈர்க்கும் பொருள். உப்புநீர் பட்ட தேயிலைக்குக் கப்பற்காரர் தரும் தொகை போதாதவிடத்து, காப்புறுதித் தாளே வணிகரைக் காப்பாற்றும்.

இனி, கப்பல் அக்கரை சேர்கின்றது. வாங்குபவர் வங்கியிற் பணம் செலுத்தி அல்லது செலுத்த உடன்பட்டுச் சீட்டைப் பெறுகின்றார். அதனைக் கப்பல் முகவரிடம் ஒப்படைத்துக் கையளிப்புக் கட்டளையைப் பெற்று, சுங்கக் கடன்களை முடித்துச் சரக்கை எடுக்கின்றார். சீட்டின்றிச் சரக்கைக் கையளிப்பது கப்பற்காரருக்குப் பேராபத்து. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பிய துவிச்சக்கர வண்டி உறுப்புகளை, ஒரு வங்கியின் உறுதிமொழியை நம்பி, சீட்டைப் பெறாமலே வாங்குபவரிடம் கொடுத்துவிட்டனர். வாங்கியவர் விலையைச் செலுத்தவில்லை. 1959இல் பிரித்தானிய கோமறைக் கழகம், சீட்டின்றிக் கையளித்தவர் பொறுப்பினின்று தப்ப முடியாது என்று தீர்த்தது.

பத்திரங்கள் பணத்தை மாத்திரம் காப்பன அல்ல. உயிரையும் கடலையும் காப்பனவும் உள. நெருப்பு, நஞ்சு, அமிலம் முதலிய ஆபத்தான சரக்கை அனுப்புவோர், அதன் சரியான பெயரையும், ஐக்கிய நாடுகள் இலக்கத்தையும், ஆபத்தின் வகையையும் எழுதி, அது முறையாகப் பொதியிடப்பட்டுள்ளது என்று கையொப்பமிடல் வேண்டும். அதனை ஆதாரமாகக் கொண்டே எப்பெட்டியை எதன் அருகே வைப்பது, தீ மூண்டால் எதனைக் கொண்டு அணைப்பது என்று மாலுமிகள் முடிவு செய்வர். இதன் அருமையை இலங்கை மக்கள் மிகுந்த விலை கொடுத்து அறிந்தனர். 2021 மே மாதம் 20ஆந் திகதி, கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிற் தீப்பற்றியது. அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 ஆபத்தான சரக்கைக் கொண்டவை. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அவற்றில் அடங்கும். அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுவது கொழும்பை அடையுமுன்னரே கப்பலில் உள்ளோர்க்குத் தெரிந்திருந்தது. கட்டார், இந்தியத் துறைமுகங்கள் இரண்டில் அதனை இறக்க முயன்றும் பயனில்லை. கப்பல் எரிந்து மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் படிந்தன. நீர்கொழும்பு முதலாய இடங்களின் மீனவர் கடலுக்குச் செல்ல இயலாது வாடினர். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கட்டளையிட்டது. தாளில் முறையாகப் பொதியிட்டது என்று எழுதப்படுவதும், பெட்டிக்குள் உண்மையில் முறையாகப் பொதியிடப்படுவதும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இரண்டும் வேறாகுமிடத்து, அவ்விடைவெளிக்குள் வீழ்பவர் அச்சரக்கோடு எத்தொடர்பும் இல்லாத ஏழை மீனவராகவும் இருக்கலாம்.

காகிதத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது சில வேளைகளிற் கப்பலை விடத் தாமதமாகச் செல்கின்றது. கொழும்பிலிருந்து சென்னைக்குக் கப்பல் சில நாட்களிற் சேர்ந்துவிட, வங்கிகளினூடு செல்லும் சீட்டோ பின்தங்கிவிடுகின்றது. சரக்குத் துறையிற் கிடக்கக் கிடக்கக் களஞ்சியக் கூலி ஏறும். இதற்காகவே, காட்ட வேண்டிய தேவையில்லாத கடல்வழிச் சரக்குக் குறிப்பு என்னும் எளிய பத்திரம், ஒருவரையொருவர் நம்பும் வணிகரிடையே வழக்கத்துக்கு வந்தது. அதற்கு உரிமையை மாற்றும் ஆற்றல் இல்லை. காகிதமே இன்றி மின்னியல் முறையிற் சீட்டு வழங்கும் முயற்சியும் வளர்ந்து வருகின்றது. 2017இல் ஐக்கிய நாடுகளின் வர்த்தகச் சட்ட ஆணைக்குழு இதற்கு மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்தது. 2023இல் பிரித்தானியா மின்னியல் வர்த்தக ஆவணங்களுக்குக் காகித ஆவணத்தின் தகுதியையே வழங்கிச் சட்டம் இயற்றியது. ஒரே வேளையில் ஒருவர் கையில் மாத்திரமே அது இருத்தல் கூடும் என்பதை உறுதிசெய்வதே இம்முறையின் உயிர்நாடி. ஜமேக்காச் சர்க்கரையின் பாடம் மின்னியல் யுகத்திலும் மறக்கப்படவில்லை.

தாளாயினும் மின்னியற் பதிவாயினும், அதன் மதிப்பு எழுதுவோரின் உண்மையிலேயே தங்கியுள்ளது. ஒழுகும் பீப்பாயை ஒழுகுகின்றது என்று எழுதிய கணக்கரின் பெயரை உலகம் அறியாது. ஆயினும், தூரதேசத்தில் இருந்து தம் பணத்தை அனுப்பும் ஒருவர் நம்பியிருப்பது அத்தகைய கணக்கரையேயாம். கொழும்பில் ஏற்றிய தேயிலை ஹம்பேர்க்கில் ஒரு கிண்ணத்தில் நிறையும் வரை, அந்நம்பிக்கையே கப்பலுக்கு முன்னும் பின்னும் பயணஞ் செய்கின்றது.